சுடாமல் சுட்ட மெத்தை

இப்படிக் கிட்டே வாருங்கள், செல்லங்களா. பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு உலோகத் துண்டு, ஒரு பெரிய மனிதரைத் துள்ள வைத்த கதை சொல்கிறேன்.

ட்ரிங்... ட்ரிங்...

ஒரூரோ நகரக் காவல் நிலையம். கார்னிவல் திருவிழாவின் செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி.

சார்ஜென்ட் நில்தா போனை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் பேசறேன், சார்ஜென்ட். ஸெனோனுக்குப் பின்தொடையில புண் ஆழமாப் போயிட்டே இருக்கு. கால் மிஞ்சுமான்னே தெரியல. இதுல கையில விலங்கு வேற மாட்டியிருக்கீங்க."

"திருட்டுப் புகார் இருக்கு, டாக்டர்."

"திருடினவன் பாக்கெட்ல வைப்பான். அது மேல உக்காந்துக்குவானா?"

நில்தா போனை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஸெனோன், எரிவாயுக் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் பிடிப்பவன். அந்தக் கதிர்வீச்சைத் தரும் இரிடியம் துண்டைப் பெட்டியில் காணோம். அதற்கு வாசனை இல்லை, தொட்டால் சூடும் தெரியாது... சதை மட்டும் வேகும்.

'ஸெனோன்தான் திருடன்' என்றவர் அவனுடைய மேலதிகாரி, இன்ஜினியர் அரான்சிபியா. மாலைக்குள் அறிக்கையில் நில்தா கையெழுத்துப் போட்டால், ஸெனோனுக்குக் கட்டிலிலிருந்து நேராகச் சிறை.

மதியம் மூன்று மணி.

குழாய்க் கிடங்கு முழுக்கப் பீர் வாடை. அன்று சல்யா. பூமித்தாய்க்கு முதல் மடக்கை ஊற்றிவிட்டு, லாரி, ஸ்பானர், நாற்காலி என்று சோறு போடும் எல்லாவற்றின் மீதும் பீர் தெளித்து, வண்ணக் காகிதச் சுருள் மாட்டும் நாள்.

அலங்கரித்த நாற்காலியில், லாமா ரோம மெத்தை மேல் சாய்ந்திருந்தார் அரான்சிபியா.

"கையெழுத்துப் போட வந்தியா?"

"போடலாம். துண்டு கிடைக்கலியே, இன்ஜினியர்."

"அந்தக் குடிகாரன் எங்க தொலைச்சானோ. அவன் வீட்டைத் தோண்டு."

"இருபது வெல்டிங்குக்கு ஒரே நல்ல படத்தைக் காப்பி போடச் சொன்னீங்களாம். ஸெனோன் மாட்டேன்னானாம்."

"நாக்கை அடக்கு. உன் கமாண்டரும் நானும் ஒரே தட்டுல சாப்பிடறவங்க."

"அப்ப அவருக்கும் வயித்து வலி வரும்."

அவர் முறைத்தார். நில்தா நாற்காலியைச் சுற்றி வந்தாள்.

"மெத்தை நல்லாருக்கே. யார் போட்டது?"

"பசங்க. சல்யாவுக்கு."

"விசாரிச்சேன். பெரியவர் உக்கார்ற இடமாச்சேன்னு, ஸெனோனோட லாரி சீட்ல கிடந்ததை உதறி எடுத்துட்டு வந்தாங்களாம்."

அரான்சிபியா துள்ளி எழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது.

"என்ன, தேள் கொட்டிச்சா?"

"ஒ... ஒண்ணுமில்ல."

மேஜையில் கதிர்வீச்சு மீட்டர். அதன் மேலும் வண்ணக் காகிதத் துணுக்குகள். நில்தா அதை எடுத்து மெத்தை மேல் பிடித்தாள். முள் அசையவில்லை.

"பூஜ்யம். தாராளமா உக்காருங்க."

"அது... அது வேலை செய்யாது."

"போன வாரம்தானே சோதிச்சு முத்திரை ஒட்டியிருக்கு?"

"செத்துப்போச்சுடி அது. காலைல நான்தான் ஒரு பாட்டில் பீரை உள்ள..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் ஐந்து வெல்டர்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

"சல்யான்னா தெளிக்கணும், இன்ஜினியர். ஊத்தினா பூமித்தாய்க்கே அடுக்காது."

"காலைலேர்ந்து இது மேலயே உக்காந்திருக்கேன்... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. துண்டை மெத்தைக்குள்ள வச்சுத் தச்சது நான்தான். போதுமா? கூட்டிட்டுப் போ..."

நில்தா விலங்கை மாட்டினாள். சற்று முன்தான் ஸெனோன் கையிலிருந்து கழற்றியது. அவன் கால் போகலாம். திருடன் என்ற பேர் போய்விட்டது.

"அவசரமில்ல. ஸெனோன் லாரி மெத்தையை, ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் கொண்டுபோன மீட்டர் பத்து மணிக்கே காட்டிக் குடுத்துடுச்சு. இப்ப அது ஈயப் பெட்டியில."

"அப்ப... இது?"

"உங்க கிடங்குச் சமையல்காரம்மா சந்தையில வாங்கிக் குடுத்தது. விலைச்சீட்டு இன்னும் தொங்குது, பாருங்க."

அரான்சிபியா பார்த்தார். தொங்கியது.

"நடங்க. ஜெயில்ல மெத்தையே கிடையாது. நிம்மதியா உக்காரலாம்."

உங்கள் வீட்டில் அமரும் இடமெல்லாம் குளிர்ந்திருக்கட்டும், செல்லங்களா. இருந்தாலும்... தலையணையை ஒருமுறை உதறிவிட்டே படுங்கள்.