கொசுறு வெளிச்சம்

அன்று காலை வேலைக்குக் கிளம்பிய நவமணி, பாசிக்குளம் போய்ச் சேருவதற்குள் மூன்று பேருக்குக் கல்யாணச் சம்மதம் கொடுத்துவிட்டாள். முதல் ஆள், பிராணவாயு உருளை மாற்ற வந்தவர். இரண்டாவது, ஊன்றுகோலோடு எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர். மூன்றாவது, ஊர்ச்சபைத் தலைவர். அவர் நேரில்கூட இல்லை, சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நடைபாதையில் இருந்த நாணமானி பச்சை விளக்கைப் போட்டு, ஒரு துணுக்கு நாதஸ்வரம் வாசித்து ஓய்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். குனிந்ததையும் அது வெட்கம் என்றே குறித்துக்கொண்டது.

செவ்வாயில் நெடும்பாறைக் குடியிருப்பை அமைத்தவர்கள், மோட்டார் பம்பு போடுவதற்காகக் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வரும்போது போளி போன்ற ஒப்புட்டைச் சுடும் பக்குவம், கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரரை வைத்துச் சீர் செய்யும் வழக்கம் எல்லாவற்றையும் கட்டி எடுத்து வந்தார்கள். செவ்வாய் தோஷம் பார்ப்பதை மட்டும் பூமியிலேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கிரகத்திலேயே குடியிருந்துகொண்டு அதைப் பார்த்தால் ஒருவருக்கும் கல்யாணம் ஆகாது.

அவர்கள் மனசாட்சி உள்ள ஜனங்கள். பூமியில் நடந்த ஒரு காரியம் அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே பெண்ணைச் சபை நடுவில் நிறுத்தி, இனிப்பும் காரமும் கொடுத்து முடித்து, மேளத்துக்கும் சொல்லிவிட்டு, கடைசியில் ‘உனக்குச் சம்மதமா’ என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். அவள் தலையைக் குனிவாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எல்லோரும் இலை போடப் போய்விடுவார்கள். இது பாவம் என்று நெடும்பாறையின் முன்னோர்கள் முடிவுகட்டினார்கள். வாயை அப்பன் அதட்டலாம், ஆத்தா அழுது மாற்றலாம். கன்னத்துக்குள் ஓடும் ரத்தத்தை யாரும் மிரட்ட முடியாது. அதனால் நாணமானியைச் செய்தார்கள். தோலுக்கு அடியில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பிடித்தவரைப் பார்த்ததும் அவை விரிந்து கன்னம் சிவக்கும். அதைக் கருவி படித்துவிடும். மாப்பிள்ளைக்கும் பச்சை, பெண்ணுக்கும் பச்சை என்றால்தான் கல்யாணம்.

நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஒரே ஒரு பக்க விளைவு. கருவி இருக்கும்போது வாய் எதற்கு என்று ஆகி, மூன்று தலைமுறையில் ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்வது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது.

நவமணியின் பாடு இதில்தான் திண்டாட்டம். ஊரை மூடிய குவிமாடத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. பாசிக்குளத்துச் சூட்டு விளக்குகளோ அடுப்படி மாதிரி காயும். வருஷக்கணக்கில் அங்கே நின்று வேலை பார்த்ததில் அவள் கன்னத்துக் குழாய்கள் வீங்கி, உடைந்து, மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பாக வலை பின்னிவிட்டன. எரிச்சலும் உண்டு. ஆனால் எரிச்சலைவிடப் பெரிய தொல்லை, அந்தப் பச்சை விளக்கு. சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் தன் மலச்சிக்கலைப் பற்றியே பேசிய ஒரு வரனுக்குக்கூட அவள் முகம் முழுச் சம்மதம் சொல்லியது. நல்லவேளை, அவனுக்குப் பச்சை விழவில்லை. அடுத்த வரனுக்கு இரு பக்கமும் விழுந்துவிட்டது. இந்தப் பெண் லிஃப்ட் கதவுக்கும் இதே சம்மதம் கொடுக்கிறாள் என்று டாக்டர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் ஊர்ச்சபை அதை ரத்து செய்தது.

இத்தனைக்கும் அவள் மனதில் ஒருவன் இருந்தான். பம்பு மெக்கானிக் சேனாபதி. நன்றாக ஓடும் பம்பை இவள் நிறுத்திவைத்து அவனுக்குச் சொல்லி அனுப்புவாள். கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தும் அவன் அரை நாள் உட்கார்ந்து பார்ப்பான். அவளை ஏறிட்டுப் பார்ப்பான். கருவி பச்சை போடும். அவன் முகம் வாடிவிடும். லிஃப்ட் கதவுக்கு விழும் அதே பச்சைதானே தனக்கும் என்ற நினைப்பு அவனுக்கு. வாயால் கேட்க அவனுக்குக் கூச்சம், வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சம். தன் பச்சைக்கு ஒரு மதிப்பு வர வேண்டும் என்பதற்காகவே அவள் டாக்டர் ரெஜினாவிடம் போனாள். கூடவே அம்மா கருணாம்பாளும் போனாள்.

டாக்டர் செய்யும் துடிப்பொளி வைத்தியம் சிக்கலானது அல்ல. கண்ணை மூடிக் கவசம் போட்டுவிட்டு, முகத்தில் ஒரு மஞ்சள் ஒளியைச் சொடுக்குச் சொடுக்காக விடுவார்கள். அந்த ஒளி தோலைக் கடந்து நேரே ரத்தத்தின் சிவப்பில் போய்த்தான் நிற்கும். குழாய் சூடாகிச் சுருங்கி அடைபடும். பிறகு உடம்பே அதைக் கரைத்துவிடும். ரப்பர் பேண்டால் சுண்டின மாதிரி ஒரு சுரீர். சில நாளைக்கு முகம் நாவல்பழம் கணக்காக இருக்கும், அவ்வளவுதான். நாலைந்து தடவை வந்துபோனதில் நவமணியின் வலை முழுக்க மறைந்தது. டாக்டர் கருவியை உறையில் போடப் போனார்.

கருணாம்பாள் எழுந்திருக்கவில்லை. கத்திரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்காமல் வீடு திரும்பாத வம்சம் அவளுடையது.

“ஏனுங் டாக்டரம்மா, இத்தன தூரம் வந்துட்டம். கொசுறுக்கு இன்னொரு சுத்துப் போட்டு வுடுங்களே. காதோரம், கழுத்து, எல்லாத்துக்குந்தான்.”

உடைந்தது போனால் போதும், நல்ல குழாய்களை விட்டுவைக்க வேண்டும், அவை இருந்தால்தான் வெட்கப்பட முடியும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். கருணாம்பாள் காசு கொடுத்த இடத்தில் கொசுறு கேட்பது தப்பா என்கிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்த்து நிற்க எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. கொசுறு போடப்பட்டது.

அதன் பிறகு நவமணி நடைபாதையில் நிமிர்ந்து நடந்தாள். சபைத் தலைவர் படத்தை முறைத்துப் பார்த்தாள்; கருவி கம்மென்று இருந்தது. அப்படி ஒரு நிம்மதி. வேறு எதைப் பற்றியும் அவள் யோசிக்கவில்லை. சேனாபதியின் வீட்டாருக்கு ஜாடையாகச் சொல்லி அனுப்பி, பெண் பார்க்க வரவழைத்தாள்.

வந்தார்கள். பாசிமாவு ஒப்புட்டு பரிமாறப்பட்டது. அருமைக்காரர் ராசப்பன் நாணமானியை எடுத்து விபூதி வைத்துச் சேனாபதி முகத்துக்கு நேரே பிடித்தார். அவன் நவமணியைப் பார்த்த மாத்திரத்தில் பச்சை விழுந்து நாதஸ்வரம் வாசித்தது. பிறகு அவள் பக்கம் திருப்பினார்.

விளக்கு எரியவில்லை.

ராசப்பன் கருவியைத் தட்டினார், கண்ணாடியை ஊதித் துடைத்தார், பேட்டரியை மாற்றினார். நவமணியின் நெஞ்சு பம்பு மாதிரி அடித்துக்கொண்டது. ரத்தம் கழுத்து வரைக்கும் ஏறி வந்து, மேலே போக வழி இல்லாமல் திரும்பியது. கன்னம் சோற்று உருண்டை போல வெளுத்தே இருந்தது. சேனாபதி தரையைப் பார்த்தான். லிஃப்டுக்குக்கூடச் சம்மதம் சொன்ன முகம், தனக்கு மட்டும் இல்லை என்கிறதே என்று நொந்துபோனான்.

அவன் அப்பா பொன்னுசாமி நியாயஸ்தர். இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

“பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க. இஷ்டமில்லாத பொண்ணக் கூட்டிட்டுப் போனா எங்களுக்குப் பாவமுங்க. நாங்க வாறோம்.”

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. இப்போது விட்டால் அவன் போய்விடுவான்; இனி எந்தப் பம்பைக் கெடுத்தாலும் வரமாட்டான். நவமணி எழுந்து நின்றாள்.

“எனக்கு அவரப் பிடிச்சிருக்குங்க.”

சபை நடுவில், பெரியவர்கள் முன்னால், இலையில் சாப்பாடு இருக்கும்போது ஒரு பெண் பேசுகிற பேச்சா இது! கருணாம்பாளுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. அப்பா குமாரசாமி உத்தரத்தைப் பார்த்தபடி சிவந்தார். சேனாபதியின் அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். முந்தானைக்கு மேலே நெற்றி சிவந்தது. பதறிப்போன ராசப்பன் கருவியை அணைக்க மறந்து, கையில் பிடித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். அது ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பச்சை பச்சையாகப் போட்டது. ஒவ்வொரு பச்சைக்கும் நாதஸ்வரம். கடைசியில் கணீர் குரலில் முடிவைப் படித்தது. சேனாபதியை மணக்கக் கூடத்தில் இருக்கும் அனைவருக்கும் சம்மதம். மணப்பெண்ணுக்கு மட்டும் சம்மதம் இல்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. குமாரசாமிதான் மெல்லப் பேச்செடுத்தார்.

“ஏனுங்க, எங்க பாட்டன் காலத்துல பெரியவங்க சம்மதந்தான சம்மதம்? பொண்ணுகிட்ட யாரு கேட்டா? எல்லாருக்கும் பச்சை வுழுந்திருக்குது. ஒருத்திக்கு வுழுகாட்டி என்னங்க?”

பொன்னுசாமி யோசித்தார். இத்தனை பேருக்குச் சம்மதம் என்றால் அதில் பாவம் இருக்க முடியாது என்று அவருக்கும் பட்டது. அவள்தான் வாயாலேயே சொன்னாளே என்று ஓரத்திலிருந்து யாரோ முணுமுணுத்ததற்கு, அது கணக்கில் வராது என்று ராசப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். செருப்புகள் கழற்றப்பட்டன. இரண்டாவது ஒப்புட்டு வந்தது. மூன்று தலைமுறை கழித்து நெடும்பாறையில், பெண்ணின் சம்மதம் இல்லாமலேயே, எல்லோருடைய திருப்திக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமானது. மேளத்துக்குச் சொல்ல ஆள் போயிற்று.

நவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோபமும் தாங்கவில்லை. நினைத்தது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் சொன்னதால் கிடைக்கவில்லை. விறுவிறுவென்று பாசிக்குளத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் சேனாபதி வந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. பம்பை அவன் பார்க்கவே இல்லை. தொட்டால் சுடும் போலச் சிவந்த முகத்தோடு, கருவி எதுவும் இல்லாத அந்த மூலையில், மென்று விழுங்கிக் கேட்டான்.

“அங்க சொன்னீங்களே... நெசமாலுமே உங்களுக்குச் சம்மதமுங்களா?”

பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நவமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொருக்காக் கேளுங்க” என்றாள்.