முதுகால் கேட்டவர்கள்

காலையில் ஜெரோம் கிட்டாரை எடுத்து மடியில் வைக்கும்போதே அடுப்படியிலிருந்து ஃபெமினாவின் குரல் வந்துவிடும்.

"நேத்து வச்சது வேணாங்க. மூக்கடைச்சவன் பாடுன மாதிரி இருந்துது."

அவன் மாதிரியாக்கியின் குமிழைத் திருகுவான். ஓர் இட்லித் தட்டின் அகலம்தான் இருக்கும் அந்தக் கருவி. ஒரு காலத்தில் மேடைக்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த பழைய ஒலிபெருக்கி ஆம்புகள் எல்லாம் வெறும் கணக்குகளாக அதற்குள் அடைந்து கிடந்தன. அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு கம்பியைத் தட்டினால், ஒலி கிட்டாரிலிருந்து மாதிரியாக்கிக்குப் போய், அங்கிருந்து நேரே ஃபெமினாவின் காதுக்குள் இருக்கும் செவியத்தில் இறங்கும். வீட்டுக் காற்றில் ஒன்றும் அசையாது. வாசலில் மீன் கொடுக்க வருகிறவளுக்கு, ஒருத்தன் மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டுவது மட்டும்தான் தெரியும்.

தூத்துக்குடியில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கடல் ஊருக்குள் ஏறத் தொடங்கியபோது சுவர் கட்டினார்கள். சுவருக்கு அடியில் கசிகிற தண்ணீரைத் திருப்பித் தள்ளப் பம்புகள் வைத்தார்கள். அந்தப் பம்புகள் ஒரு நாளும் நிற்கக் கூடாது. நின்றால் ஊர் இல்லை. அவற்றின் இரைச்சலில் சில வருடங்களிலேயே பாதிப் பேருக்குக் காது போயிற்று. அப்புறம்தான் செவியம் வந்தது. உள்காதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு அளவில் ஒரு கருவியைப் பொருத்துவார்கள். மனிதப் பேச்சையும் கடுகு வெடிப்பது போன்ற சின்னச் சின்னச் சத்தங்களையும் அது உள்ளே விடும். காற்றில் பெரிதாக எது வந்தாலும் பம்பு இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். பாட்டு, கோயில் மணி, கல்யாண மேளம் எல்லாம் இணைப்பு வழியாகத்தான். ஸ்பீக்கர் செய்வதையே எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

ஜெரோம் மச்சாடோ கல்யாணங்களுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிறவன். அவன் கையில் வேகம் உண்டு, ஆனால் காது சுமார்தான். எந்தப் பாட்டுக்கு எந்த ஆம்பு, எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு எதிரொலி என்பதையெல்லாம் ஃபெமினாதான் சொல்வாள். அவளுக்கு இசை தெரியாது. "இது ஈரத்துணி மாதிரி இருக்கு" என்பாள், "இதுல வெயில் இருக்கு" என்பாள். அவன் அதைக் குமிழ்களாக மாற்றிக்கொள்வான். கூட்டத்தில் யாராவது வந்து ஒலி அருமை என்று கையைப் பிடித்தால், வீட்டுக்குப் போய் அவளிடம் அப்படியே சொல்வான்.

ஃபெமினாவுக்குச் சின்ன வயதிலேயே பொருத்தியது, முதல் வரிசைச் செவியம். பம்புகளுக்குப் புது இயந்திரம் வந்தபோது இரைச்சலின் தன்மை மாறியது. அதைப் பழைய செவியத்தால் பிரித்தறிய முடியவில்லை. முதல் வரிசையை நிறுத்திவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றிப் பொருத்தவும் வழியில்லை, கருவியைச் சுற்றி நரம்பு தழும்பேறிப் போயிருந்தது. ஊரில் ஏழாயிரம் பேருக்கு ஒரே நாளில் சத்தம் நிற்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்த நாள் வந்தது. அன்று மத்தியானம் ஜெரோம் கிட்டாரோடு அவள் எதிரே உட்கார்ந்தான். "என்ன வாசிக்கட்டும்? நீயே சொல்லு" என்றான்.

"ஒண்ணும் வாசிக்க வேணாம். சும்மா பேசிட்டிருங்க."

அவன் பேசினான். காலையில் பார்த்த ஆளைப் பற்றி, கசாப்புக் கடையில் நடந்த சண்டையைப் பற்றி. ஒரு வாக்கியத்தின் நடுவில் அவள் முகம் கொஞ்சம் மாறியது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கழுத்தில் ஓர் எழுத்துத்திரை தொங்கியது. எதிரே இருப்பவர் பேசுவது அதில் எழுத்தாக ஓடும். குரல் அவளுக்கு இருந்தது, ஆனால் அளவு தெரியவில்லை. சில நேரம் கிசுகிசுத்தாள், சில நேரம் தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். காலையில் ஜெரோம் கிட்டாரை எடுத்தால் அடுப்படியிலிருந்து எந்தப் பேச்சும் வராது. அடுத்த இரண்டு கல்யாணங்களிலும் யாரும் அவன் கையைப் பிடிக்க வரவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பவர் ஆம்ப் ஞாபகம் வந்தது. மாதிரியாக்கி தருவது வெறும் மின் குறிகை. அதைப் பெருக்கி ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் விட்டால் காற்று அசையும், தரை அசையும். காது இல்லாவிட்டாலும் உடம்பு இருக்கிறதே என்று நினைத்தான். பழைய குறிப்புகளைத் தேடிப் படித்தான். திறன்பெருக்கி என்று பாடப்புத்தகம் சொல்லும் அந்தப் பொருள் இரண்டு வகை. ஒன்று கண்ணாடிக் குழல் வால்வு வைத்தது. கனம் அதிகம், சூடாகும், தன் பங்குக்கு ஒலியில் ஒரு சாயம் ஏற்றும். வாசித்தவர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள். மற்றது டி வகை. லேசானது, குளிர்ந்தது, சாயம் ஏற்றாது; கொடுப்பதை அப்படியே பல மடங்காக்கித் தள்ளும். மாதிரியாக்கிக்குள்ளேயே வால்வின் கணக்கு இருப்பதால் வெளியே இன்னொரு வால்வு தேவையில்லை என்றுதான் பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். இருந்தாலும் அவன் மனது வால்வைத்தான் கேட்டது. இத்தனை வருடம் நிழலைத்தான் வாசித்திருக்கிறோம், ஒரு தடவையாவது அசலைத் தொட்டுப் பார்க்கலாமே என்று இருந்தது.

கப்பல் உடைக்கிற இடத்தில் இசக்கியப்பன் என்ற பழைய சாமான் வியாபாரி இருந்தான். ஜெரோம் அவனிடம் போய்ப் பவர் ஆம்ப் கேட்டான்.

"ரெண்டு கிடக்கு அண்ணாச்சி" என்றான். "கப்பல்ல ஆட்டம்பாட்டம் நடத்துற ஹால்ல இருந்து கழட்டுனது. பெட்டியும் இருக்கு. செம்புக்கும் காந்தத்துக்கும் உடைச்சிரலாம்னு போட்டு வச்சிருக்கேன்."

"ரெண்டுல எது நல்லா இருக்கும்?"

"என்னைக் கேட்டா? எனக்கும் செவியம்தான. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, தூக்குனா கனம்தான் வேற."

ஜெரோம் அங்கேயே வால்வு ஆம்பைப் பெட்டியோடு சேர்த்து உயிர் கொடுத்தான். கண்ணாடிக் குழல்களுக்குள் மெல்லச் செம்மை ஏறியது. கம்பியைத் தட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்று முன்பே தெரியும். ஆனாலும் கைவிரல் கம்பியில் அப்படியே நின்றுவிட்டது. பெட்டியிலிருந்து கிளம்பிய அத்தனையையும் அவன் செவியம் பம்பு இரைச்சல் என்று வழித்துப் போட்டுவிட்டது. உள்ளங்கையைப் பெட்டியில் வைத்தான். பூனையின் முதுகைப் போலச் சன்னமான அதிர்வு. இதை வைத்துக்கொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது?

மறுநாள் ஃபெமினாவைக் கூட்டிப்போனான். அவள் இரும்புக் குவியல்களுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "என்னத்துக்கு இங்கன கூட்டிட்டு வந்தீங்க?" என்று பெரிய குரலில் கேட்டாள். இசக்கியப்பன் திரும்பிப் பார்த்தான்.

"பெட்டியில முதுகைச் சாய்ச்சு உக்காரு" என்றான் ஜெரோம். எழுத்தைப் படித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

முதலில் வால்வு. மாதிரியாக்கியில் அவளுக்குப் பிடித்த ஒலியை வைத்து, அவளுக்குப் பிடித்த பாட்டை வாசித்தான். அவள் கையை நீட்டி ஆம்பின் மேல் வைத்தாள்.

"வெதுவெதுன்னு இருக்கு. குளிர்நாளுக்கு நல்லது" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு டி வகை. அடிக்கம்பியை அவன் மீட்டியதும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மேசையிலிருந்த திருகாணிகள் நகர்ந்தன. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சத்தம் நின்றதற்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

"இதான்" என்றாள். "இது உள்ள வருது. இதை எடுத்துக்கிடலாம்."

வால்வை அங்கேயே விட்டுவிட்டு வர ஜெரோமுக்கு மனசில்லை. அன்றைக்கே அதை உடைத்துவிடுவேன் என்றான் இசக்கியப்பன். வண்டியில் போகும்போது ஜெரோம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் வீடு பழையபடி ஆனது போலிருந்தது. காலையில் அவன் கிட்டாரை எடுத்தால் அவள் வந்து பெட்டியில் சாய்ந்து உட்காருவாள். காய்கறியைக்கூட அங்கேயே வைத்து நறுக்கினாள். அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்லவில்லை. சன்னல் கம்பி அதிர்ந்தால் பம்பு என்றுதான் நினைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஜெரோம் ஒலி தேடிக்கொண்டிருந்தான். "இது எப்படி இருக்கு?" என்றான். அவள் திரையைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றாள். வேறொன்றை வைத்தான். "நல்லா இருக்கு." அவனுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளேயே விடாமல் விரட்டிய ஓர் ஒலி உண்டு, தகர டப்பாவில் ஆணி உருள்வது போல. அதை வைத்தான். அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அவள் கொல்லைப்பக்கம் போனதும், வாசித்ததை மாதிரியாக்கியில் பதிந்து சுழலவிட்டான். காதுக்குப் பின்னால் அழுத்தித் தன் செவியத்தை அணைத்தான். பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். நல்ல ஒலி, கெட்ட ஒலி, வெயில், ஈரத்துணி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். முதுகில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. மேடு பள்ளமான ரோட்டில் போகிற பேருந்து. எப்போது கை விழுகிறது, எப்போது எடுக்கிறது என்பது தெரிந்தது. பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவன் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க கொண்டுபோறீங்க?"

அவன் செவியத்தைத் திரும்பப் போட்டான். "இதுல ஒண்ணுமில்ல ஃபெமி. உனக்கு ஒண்ணுமே வரல. என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் திரையைப் படித்தாள். அவசரப்படாமல் உட்கார்ந்தாள்.

"கடையிலேயே தெரியும்."

"அப்புறம் எதுக்கு இதான் வேணும்னு சொன்ன?"

"நீங்க வாசிக்கும்போது நான் தள்ளி நின்னுக்கிட்டு என்ன செய்ய? பக்கத்துல வந்து உக்கார ஒரு சாக்கு வேணும்லா." அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. "அதோட, நீங்க நிறுத்துனா தெரியுது. அது போதும்."

அவன் கழற்றிய வயரைத் திரும்பச் செருகினான்.

"உங்களுது எப்ப?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ரெண்டாம் வரிசையையும் நிறுத்தப் போறதாச் செய்தியில எழுத்து ஓடிச்சு. என்னைப் பாத்ததும் நீங்க வேற செய்திக்கு மாத்துனீங்க."

அவன் தரையைப் பார்த்தான். "அடுத்த மழை முடிஞ்சதும்."

பம்பு இரைச்சல் அவர்கள் இருவருக்குமே கேட்காமல், சுவர்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து, சுவரில் சாய்த்திருந்த கிட்டாரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"சொல்லிக் கொடுங்க" என்றாள். "நீங்க பெட்டியில சாயும்போது வாசிக்க ஆள் வேணும்."

மழை வரை அவன் சொல்லிக்கொடுத்தான். அவள் வாசிப்பதைத் தன் செவியத்துக்கு இணைத்துக்கொண்டு கேட்டான். விரல் எங்கே தப்பாக விழுகிறது என்று காட்டுவான், பிடித்து நகர்த்துவான். அவள் விரல் நுனிகள் தடித்தன. இரண்டு பாட்டு வந்தது, அரைகுறையாக. பொறுமையில்லாமல் ஒரு நாள் அவன் கத்தியும்விட்டான்; அவள் திரையில் அது சாதாரண எழுத்தாக ஓடியது, அவள் தலையாட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். கடைசி நாட்களில் அவன் திருத்துவதை விட்டுவிட்டு, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தான். தடுமாறி, சுருதி விலகி, நடுவில் நின்று நின்று வந்த அந்த வாசிப்புதான் அவன் கேட்கப்போகிற கடைசி வாசிப்பு என்று அவனுக்குத் தெரியும்.

மழை முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாதா கோயில் தெருவில் நடந்து வரும்போது அவனுக்குச் சத்தம் நின்றது. சைக்கிளில் வந்த ஒருவன் வாயைத் திறந்து அவனை ஏசிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்ததும் ஃபெமினா அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், வாங்கி வைத்திருந்த எழுத்துத்திரையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். பெட்டியைக் காட்டினாள்.

அவன் போய்ச் சாய்ந்தான். எதிரே முக்காலியில் அவள் உட்கார்ந்து தொடங்கினாள். முதுகெலும்பு வழியாக அடிக்கம்பி ஏறி வந்தது. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு நேரே நின்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு இது பம்பு.

ஜெரோம் மனைவியின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வரியில் மோதிர விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. அது கேட்டிருந்தால் காது கூசியிருக்கும். அவள் அதே இடத்தில் அழுத்தியபடி, வரி முழுவதையும் கவனமாக வாசித்து முடித்தாள்.

அவள் உதடு அசைந்தது. அவன் திரையில் எழுத்து வந்தது: சரியா இருக்கா?

அவன் சொன்னான். தொண்டையில் குரல் வந்ததா, வெறும் காற்று வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மார்பின் மேல் தொங்கிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தாமதித்து அதில் எழுத்து விழுந்தது: சரியா இருக்கு.

ஃபெமினா குனிந்து அதைப் படித்தாள். பிறகு விரல்களை எண்ணி வைத்து, அடுத்த வரிக்குப் போனாள்.