இரவல் வயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாசிலாமணி தன் வயிற்றைக் கழற்றித் தேய்த்துவிடுவார். நிலவின் மூன்றாம் பள்ளத்துக் குடியிருப்பில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதே வேலைதான். விலாவுக்குக் கீழே இடப்பக்கம் இருக்கும் மூடியைத் திருகினால் கையோடு வந்துவிடும். செப்பு நிறத்தில், தண்ணீர்ச் செம்பு அளவுக்கு இருக்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசிக் கவிழ்த்தால் அரை மணியில் காய்ந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். மறந்துபோனால் தலை சுற்றும்.

நிலவில் மனிதர்களுக்கு எடை குறைவு. அதனால் பூமி வயிறு அங்கே உதவாது. சாப்பிட்டது இறங்காமல் தொண்டையிலேயே நின்று எட்டிப் பார்க்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் ‘கழற்று இரைப்பை’யைப் பொருத்திவிடுவார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் தேவையில்லை. அவர்கள் வயிறு அந்த ஊருக்குப் பழகியது.

இத்தனை வசதி இருந்தும் மாசிலாமணிக்கு நெஞ்செரிச்சல் போகவில்லை. நெஞ்செரிச்சல் இருந்ததால் தூக்கம் வரவில்லை. பத்து மணிக்கு உறக்கச் சங்கு ஊதும், பதினாலு நாள் விடாமல் அடிக்கும் வெயிலை மறைக்க ஜன்னல் தகடுகள் இறங்கும், ஊரே அடங்கும். இவர் மட்டும் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார்.

“சாமானே சரியில்ல. போன தடவ மாத்துனப்பவே ஏமாத்திட்டானுங்க” என்பார் மனைவி பூங்கோதையிடம்.

ஒன்பதரை மணிக்குத் துறைமுகக் கேன்டீனில் ஆறு மிளகாய் பஜ்ஜி, அதன்மேல் ஸ்ட்ராங்காக ஒரு டீ, வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டே பூமிச் செய்திகள். இதெல்லாம் பூங்கோதைக்குத் தெரியும். பத்து வருடம் சொல்லிப் பார்த்து வாய் வலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அந்த மாதம் முதல் தேதி அவருக்கு ஓலை வந்தது. மாசிலாமணி துறைமுகத்தில் விண்கலங்களிலிருந்து சரக்கு இறக்கும் பாரந்தூக்கியை ஓட்டுகிறவர். தூங்காதவன் கையில் பாரந்தூக்கியைக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரின் தூக்கத்துக்கும் தினமும் நூற்றுக்கு இத்தனை என்று ‘உறக்க எண்’ போடுவார்கள். முப்பது நாள் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் அடுத்த கலத்தில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த முப்பது நாள் அவருக்குக் கடைசி வாய்ப்பு என்றது ஓலை.

பூமிக்குப் போவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மகள் ஆதிரை போக முடியாது என்பதுதான் கஷ்டம். நிலவில் பிறந்த எலும்பு பூமியின் எடையைத் தாங்காது. பதினெட்டு வயதுவரை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இப்போது ஏழு. பதினோரு வருடம் மகளைத் திரையில்தான் பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே மனிதருக்கு அடிவயிறு கலங்கியது. கழற்றி வைத்திருக்கும்போதுகூடக் கலங்கியது.

முதல் ஒன்பது நாளும் எண் முப்பத்தாறுதான். பத்தாம் நாள் வயிற்றைக் கொண்டுபோய்ப் பழுதுபார்க்கும் கடையில் போட்டார். இருபது நாள் ஆகும் என்றார்கள். அதுவரை மாட்டிக்கொள்ள ஏதாவது வேண்டுமே? கூட வேலை செய்யும் அருளப்பன்தான் கைகொடுத்தான். பீரோவிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

“எங்கப்பாவோடது அண்ணே. தொண்ணூத்தொரு வயசுவரைக்கும் ஒரு ஏப்பம் விட்டதில்ல மனுசன். முப்பதாந்தேதி அவரு நினைவு நாளு. அன்னைக்கி சாயங்காலம் படத்துக்கு முன்னாடி வச்சு ஜெபம் பண்ணணும். அதுக்குள்ள குடுத்துருங்க.”

“உசிரைப் போல பாத்துக்கறேன்டா அருளு.”

அடிப்பக்கம் ‘ஞா. சவரிமுத்து’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். அடுத்தவன் வீட்டுச் சாமான் ஆயிற்றே! அதுவும் செத்துப்போன பெரிய மனிதருடையது. ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும். இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி கூடக் கிடையாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றார். கேன்டீன்காரர் பஜ்ஜித் தட்டை நீட்டினால், “ஐயோ, இது நம்ம வயிறு இல்லீங்க” என்று பின்வாங்கினார். சாப்பிட்டவுடன் படுத்தால் மூடியில் புளிப்பு ஏறிக் கறுத்துவிடுமோ என்று பயந்து, கூடத்தில் ஆதிரையோடு இருபது சுற்று நடந்தார். நடந்த களைப்பில் செய்தி பார்க்காமலே கண்ணை மூடினார்.

உறக்க எண் எழுபத்துமூன்று. மறுநாளும் எழுபத்துமூன்று. இருபது நாளும் அப்படியே போயிற்று. “பாத்தியா? சாமான்னா இதுதான் சாமான். அந்தக் காலத்து வேல!” என்று பூங்கோதையிடம் அடித்துச் சொன்னார். பூங்கோதை மோட்டுவளையைப் பார்த்தாள்.

முப்பதாம் நாள் காலையில் அவருடைய சொந்த வயிறு கடையிலிருந்து வந்தது. கூடவே ஒரு சீட்டு: ‘பழுது எதுவும் இல்லை.’ மாசிலாமணி சீட்டை நம்பவில்லை. ஏதோ செய்துவிட்டு மறைக்கிறார்கள் என்று நினைத்தார். மேசையில் உட்கார்ந்து பென்சிலால் கூட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பதினாறு எடுத்தால் சராசரி சரியாக அறுபது. பதினாறு என்பது கண்ணை மூடிச் சும்மா கிடந்தாலே வருகிற எண். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

சாயங்காலம் தன் வயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு அருளப்பன் வீட்டுக்குக் கிளம்பும்போது பூங்கோதை வாசலை மறித்தாள்.

“வெறும் பாத்திரமாவா திருப்பிக் குடுக்கப் போறீங்க? என்ன நெனைப்பாங்க? ஒரு கைப்பிடி சக்கரையாவது போட்டுக் குடுக்க வேணாமா?”

நியாயம்தானே. ஆனால் ஒரு கைப்பிடி சர்க்கரையோடு நிறுத்த மாசிலாமணிக்கு மனம் வரவில்லை. உயிரைக் காப்பாற்றிய வயிறு அது. கேன்டீனுக்கு நேராகப் போய் நான்கு பஜ்ஜி, ஒரு கொத்து பரோட்டா, இரண்டு கிண்ணம் சேமியா பாயசம் என்று மரியாதையாக நிரப்பிக்கொண்டார். அருளப்பன் வீட்டுக்குப் போய், திருகிக் கழற்றி, துடைத்துக் கொடுத்தார்.

அருளப்பன் வாங்கிப் பார்த்தான். “கனமா இருக்கே அண்ணே” என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கப்பாவுக்குப் பாயசம்னா உசுரு. டாக்டர் வேணாம்னாருன்னு கடைசிவரைக்கும் தொடவே இல்ல.” படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினான்.

மாசிலாமணி தன் வயிற்றை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். அப்போதுதான் தெரிந்தது. இது இருபது நாளாகக் காலியாகக் கிடந்த வயிறு! பசி என்றால் அப்படி ஒரு பசி. தின்றதெல்லாம் அங்கே படத்துக்கு முன்னால் இருக்கிறது. கேன்டீன் இன்னும் திறந்திருந்தது.

“என்ன சார், மறுபடியுமா?” என்றார் கேன்டீன்காரர்.

“இது என் வயிறுய்யா. நான் என்ன வேணா பண்ணுவேன், எவன் கேக்கறது?” என்று மாசிலாமணி எட்டு பஜ்ஜி வாங்கினார். இருபது நாள் விட்டுப்போன பூமிச் செய்திகளையும் படுத்துக்கொண்டு ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்தார்.

உறக்க எண் பதினொன்று.

மறுநாள் காலை உறக்க மதிப்பீட்டு நிலையத்தில் நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அங்கே மேசைக்குப் பின்னால் மனிதர் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. ஊரில் அதற்குத் ‘தூக்க வாத்தியார்’ என்று பெயர்.

“சராசரி ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு மூன்று” என்றது பெட்டி. “வியாழக்கிழமை கலத்தில் தங்களுக்கு இருக்கை எண் நான்கு.”

“ஐயா, எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்குங்க” என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுதுகொண்டே இரவல் வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். “என் வயித்துக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுதுன்னு சொல்லுங்க.”

பெட்டி யோசித்தது. அது யோசிப்பது அபூர்வம்.

“மூன்றாம் பள்ளத்தில் இரவல் கொடுத்த பொருள் எதுவும் இதுவரை கெட்டுத் திரும்பியதில்லை. சொந்தக்காரர்களே பாழாக்கிய பொருள்களின் பட்டியல் என்னிடம் உள்ளது. வாசிக்கட்டுமா?”

“வேணாங்க.”

“அப்படியானால் ஒரு வழி உண்டு. உறுப்பின் உடைமை மாறினால் முப்பது நாள் முதலிலிருந்து எண்ணப்படும். தங்கள் வயிற்றைத் தங்கள் மகள் பெயருக்கு எழுதிவிடுங்கள். தாங்கள் அதை இரவலாக அனுபவிக்கலாம்.”

“சின்னப் புள்ளைங்க அது.”

“சட்டப்படி போதுமானது.”

மாசிலாமணி ரேகை வைத்தார். மறு ஞாயிற்றுக்கிழமை வயிற்றைத் தேய்த்துக் கவிழ்த்தபோது ஆதிரை பேர் வெட்டும் ஊசியோடு வந்து உட்கார்ந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, ‘மா. ஆதிரை’ என்று புள்ளி புள்ளியாக வெட்டினாள். ‘மா’வின் கால் கொஞ்சம் கோணல். மாசிலாமணிக்கு அதைவிட அழகான எழுத்தை எங்கேயும் பார்த்ததாக நினைவில்லை.

அதற்குப் பிறகு அவர் பஜ்ஜியைத் தொட்டால் கேட்கட்டும். ஒருமுறை ஆசை தாங்காமல், “அரை பஜ்ஜி சாப்பிடட்டுமாம்மா?” என்று அனுமதி கேட்டார். “என் வயித்துல அதெல்லாம் போடக் கூடாதுப்பா” என்று ஆதிரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏழு மணிக்குச் சாப்பாடு, இருபது சுற்று நடை. எண் எழுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. முப்பது நாள் முடிந்தது, சராசரி எழுபத்துநான்கு. பூங்கோதை சந்தோஷத்தில் பாயசம் வைத்தாள். ஆதிரை அவருக்கு ஒரு கரண்டிதான் ஊற்ற விட்டாள்.

அன்றைக்கு உறக்கச் சங்கு ஊதும் நேரத்தில் மாசிலாமணி படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஆதிரை உட்கார்ந்து, மீதிப் பாயசத்தைப் பாத்திரத்தோடு மடியில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏழெட்டுக் கடலை மிட்டாய். முகத்துக்கு முன்னால் திரையில் பொம்மைப் படம்.

“ஆதிரை! படுக்கற நேரத்துல என்னம்மா இது? வயிறு என்னத்துக்கு ஆவறது?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது உங்களுக்கு இரவல் குடுத்த வயிறுப்பா. இது என் வயிறு. நான் என்ன வேணா பண்ணுவேன், யாரு கேக்கறது?”

மாசிலாமணி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

அவருடைய உறக்க எண் எழுபத்தாறு. பிள்ளை மட்டும் காலைச் சங்கு ஊதும்வரை புரண்டுகொண்டே கிடந்தது.