இரைச்சலுக்கு அடியில்

பவர் கொண்டிஷனரைப் பூட்டிய அன்று மாலையே கழுதை இரண்டு தரம் கத்தியது. முதலில் ஸ்பீக்கருக்குள் கத்தியது. கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்த றொட்னி துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். மைக் எதுவும் பூட்டியிருக்கவில்லை. கிற்றார் வயரும் சுருட்டியபடி கதிரையில் கிடந்தது. வெளியே றோட்டு வெறிச்சோடிக் கிடந்தது. அவன் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முடிக்கிற நேரத்தில், வேலியோரமாக ஆடி அசைந்து வந்த கிழட்டுக் கழுதையொன்று கேற்றடியில் நின்று, தலையை நிமிர்த்தி, அதே இழுவையில், கடைசியில் இருமல் போன்ற அதே முக்கலோடு கத்திவிட்டுப் போனது.

மன்னார்த் தீவில் கழுதை கத்துவதற்குப் பயந்தால் குடியிருக்க முடியாது. றொட்னி தன்பாட்டில் சிரித்துவிட்டு மீண்டும் கிற்றாரைத் துடைத்தான். ஆனால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

இசைக்குழுக்காரனுக்குப் பவர் கொண்டிஷனர் தேவையா இல்லையா என்பது அவனுக்கும் அஸ்மிக்கும் இடையில் வருடக்கணக்காக நடந்த வழக்கு. அஸ்மி மன்னார்ப் பட்டினத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. அம்பிளிஃபயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய இரும்புச் சட்டத்தின் உச்சியில் அப்படியொரு பெட்டி இருந்தே ஆகவேண்டும், வருகிற கரண்டின் அழுக்கை அது வடித்துத்தான் மற்றவற்றுக்குக் கொடுக்கும் என்று அவன் சாதிப்பான். நல்ல எர்த் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் கடைக்காரர் கதை என்பான் றொட்னி. சும்மா வாயால் சொன்னதோடு விடவில்லை. தலைமன்னாரில் தன் வீட்டுப் பின்வளவில் செப்புக் கம்பியொன்றை ஆளுயரத்துக்கு மணலில் இறக்கி, காய்ந்த மணல் கரண்டை வாங்காது என்பதால் கடல்தண்ணீர் அள்ளிவந்து அதன் அடியில் ஊற்றிக்கொண்டும் இருந்தான். அப்படியும் பொழுதுபட, ஐஸ் ஆலையின் மோட்டார்கள் எழும்பியதும் ஸ்பீக்கர்கள் ம்ம்ம் என்று முனகத் தொடங்கிவிடும். மாதா கோயில் திருவிழாவுக்கு அவன் செட்தான் போகும், பூசைக்குள் அந்த முனகல் கேட்கக்கூடாது என்று பங்குச்சுவாமி கண்டிப்பாகச் சொல்லிவிட, றொட்னி வழக்கில் தோற்றான்.

பெட்டி பூட்டிய பிறகு வந்த அமைதியை என்ன சொல்ல. சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று சிவப்பு லைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சூடேறிய இரும்பும் தூசியும் கருகும் அந்தப் பழகிய வாசம் மட்டும் முன்னறையில் மெல்ல எழுந்தது. கிணற்றுக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல, அந்த அமைதிக்கு ஓர் ஆழம் இருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் அவன் மனைவி சுவேதினி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, முன்னறை ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "பூனை வந்திட்டுது, சட்டியை மூடுங்கோ." வேலை செய்து அலுத்த குரல். றொட்னி எழுந்து குசினிக்குப் போனான். அவள் தலை குனிந்தபடி செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். பூனையைக் காணவில்லை. கூப்பிட்டாயா என்று கேட்டதற்கு, தான் வாயே திறக்கவில்லை என்றாள். அவன் வாசற்படியைத் தாண்டுமுன் மதிலில் இருந்து பூனை குதித்தது. அவனுக்குப் பின்னால் அதே அலுப்போடு, அதே சொற்கள். சட்டியை மூடவேண்டும் என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிற்று.

அன்று பின்னேரம் அஸ்மிக்குப் போன் எடுத்தான். கடலுக்கு அந்தப் பக்கம்தானே இந்தியா, அக்கரை றேடியோ வயருக்குள் ஏறி ஸ்பீக்கரில் பேசுவது தலைமன்னாரில் புதினமா என்று அஸ்மி சிரித்தான். உண்மைதான், காற்றடங்கிய நாட்களில் அக்கரைச் செய்தியை றொட்னியே எத்தனையோ தரம் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறான்.

"ஓம் மச்சான். ஆனா அந்த றேடியோவில என்ர மனிசி ஏன் கதைக்கிறாள்?"

அஸ்மியின் சிரிப்பு நின்றது. பிறகு, திருவிழா முடியட்டும், பெட்டியைக் கழற்றிக்கொண்டு வா, திறந்து பார்ப்போம் என்று பொதுவாகச் சொல்லி வைத்தான்.

திருவிழாவுக்கு முன் கழற்ற முடியாது என்பதுதான் சங்கடம். பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாட றொட்னியின் மகள் பிறின்சியைத் தெரிவுசெய்திருந்தார்கள். ஏழு வயது. கண்ணாடிக்கு முன்னால், மாட்டுக்கு முன்னால், வருகிறவன் போகிறவனுக்கு முன்னால் எல்லாம் பாடிக்கொண்டு திரிந்தாள். மைக் பழக வேண்டும் என்று பின்னேரங்களில் அவளே வந்து சுவிட்சைப் போடச் சொல்லி நிற்பாள். பிள்ளையின் ஆசையை மறுக்கிற மனம் றொட்னிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நாள் போகப்போக இடைவெளி நீண்டது. ஒருநாள் கொழும்பு ரயிலின் ஊதல் மத்தியானமே ஸ்பீக்கரில் கேட்டது. ரயில் வந்து சேர்ந்தபோது பொழுது பட்டிருந்தது. கோயில் மணி அடித்தது. வெகுநேரம் கழித்துத்தான் உண்மையாகவே கோயில் மணி அடித்தது. நடக்கப்போகிறது முந்தி வந்து அந்த ஸ்பீக்கர்ப் பெட்டிகளுக்குள் இருந்தது. எப்போதும் இருந்திருக்கும். இரைச்சல்தான் இவ்வளவு காலமும் அதைப் போர்த்தி மூடி வைத்திருந்தது. அவன் காசு கொடுத்து அந்தப் போர்வையை உரித்துவிட்டான். ஆனாலும் சுவிட்சைப் போடாமல் இருக்க முடியவில்லை. போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, அசையாமல் நின்று கேட்பது அவனுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

சுவேதினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்த ஒரு மத்தியானம். வீட்டில் அவன் மட்டும். சோளகக் காற்று பனையோலைகளை ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பிறின்சி பாடினாள்.

நன்றாகத்தான் பாடினாள். இரண்டாம் வரி. மூன்றாம் வரியின் நடுவில் பாட்டு அறுந்தது.

ஏதோ மெத்தென்று சீமெந்தில் விழுந்தது. வாளி உருண்டது. பிறகு சுவேதினி. அந்தக் குரலை அவன் இதற்குமுன் கேட்டதில்லை. அவள் தாய் செத்த வீட்டிலும் கேட்டதில்லை. பிறகு ஓர் ஆண்குரல்.

"தொடாதை சுவேதினி, தொடாதை."

யாருடைய குரல் என்று பிடிபட நேரம் எடுத்தது. அது தன் குரல் என்று தெரிந்தபோது, றொட்னி செருப்பும் இல்லாமல் சுடுமணலில் கோயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பிறின்சி கோயில் விறாந்தையில் இருந்து, இன்னொரு பிள்ளையோடு இனிப்புக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிய கையை அவன் வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாக இருக்கவில்லை. கிணற்றுக்குப் பலகை போட்டு மேலே கல் வைத்தான். கத்தி, மருந்துப் போத்தல், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். வேலியோரத்துப் பற்றையை வெட்டினான். எதைத் தொடக்கூடாது? பாம்பையா? நெருப்பையா? தொடாதே என்று சொல்கிற அளவுக்கு என்னதான் வரப்போகிறது? பிள்ளையைக் கோயிலுக்கும் விடவில்லை.

"என்னத்தைக் கண்டு இப்பிடிப் பயப்பிடுறியள்?" என்று சுவேதினி கேட்டாள். "எனக்கெண்டாலும் சொல்லுங்கோ."

சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அது நடந்துவிடும்போல இருந்தது. ஒன்றுமில்லை என்றுவிட்டு எழுந்து போனான்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் அவனுக்குப் பொறுக்க முடியவில்லை. அந்த இரைச்சல் திரும்பி வரவேண்டும். பங்குச்சுவாமி ஏசினால் ஏசட்டும். பவர் கொண்டிஷனரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, கரண்டை நேரே கொடுத்தான். இரைச்சல் வரவில்லை. காலையில்தான் செப்புக் கம்பிக்குக் கடல்தண்ணீர் ஊற்றியிருந்தான். எர்த் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்துக்குள் பிறின்சி பாடத் தொடங்கினாள். முன்னையைவிடக் கிட்ட. காதோரத்தில்.

அவன் பின்வளவுக்கு ஓடினான். கம்பியில் முறுக்கியிருந்த எர்த் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினான்.

ம்ம்ம்ம் என்று வீடு முழுவதும் முனகியது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. உள்ளே ஒரு பாட்டும் இல்லை, ஒரு குரலும் இல்லை. றொட்னிக்குக் கண் கலங்கியது. மாதாவே, தாயே என்று சொல்லிக்கொண்டு மணலில் குந்திவிட்டான். வயரை முழங்கையில் சுற்றத் தொடங்கினான்.

எர்த் இல்லாத செட்டில் மைக் கடிக்கும், தொட்டால் கரண்ட் அடிக்கும். இசைக்குழுவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் கல்யாண வீடுகளில் பாடுகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதில்லை, மைக்கையும் கைலேஞ்சித் துணியால் சுற்றித்தான் பிடிப்பார்கள். ஆனால் கோயிலுக்குள் செருப்பு இல்லை. பீடத்தில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், வீட்டிலும் அப்படியே நின்று பழகு என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற சிஸ்டர் பிறின்சியிடம் சொல்லியிருந்தார். திருவிழாவுக்காகச் சுவேதினி அந்நேரம் முன்னறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவை எல்லாமே றொட்னிக்குத் தெரியும். அவன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பாட்டுக் கேட்டது.

இரைச்சலையும் மீறி வந்துவிட்டதே என்றுதான் நினைத்தான். கை நின்றது. காதைத் தீட்டினான். ஸ்பீக்கரா? எழுந்து அசையாமல் நின்றான். கேட்டான். முதல் வரி. இரண்டாம் வரி.

அதற்கு நடுவில், ஈரச் சீமெந்தில் தும்புத்தடி தேய்க்கிற சத்தம்.

அது ஸ்பீக்கரில் இல்லை.

ஓடினான். சுவர் மூலை. படி. மூன்றாம் வரி. கதவு நிலையில் கை வைத்தபோது பிள்ளை, வெறுங்கால் நனைந்தபடி, மைக்கைத் தன் உயரத்துக்கு இழுக்கக் கை நீட்டியிருந்தாள். அவனைக் கண்டு சிரித்தாள். கை மூடியது.

பாட்டு அறுந்தது.

விழுந்தாள். கை மைக்கை விடவில்லை. சுவேதினியின் காலில் பட்டு வாளி உருண்டது. ஈரக் கைகளை நீட்டிக்கொண்டு, அந்தக் குரலோடு, அவள் பிள்ளைமேல் பாய்ந்தாள். அவன் வாய் தானாகத் திறந்தது.

"தொடாதை சுவேதினி, தொடாதை."

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். சிவப்பு லைட் அணைந்தது. சின்ன விரல்கள் மெல்ல விரிந்தன.

வாகனம் பிடிக்கச் சுவேதினி றோட்டுக்கு ஓடினாள். அவன் பிள்ளையைக் கிடத்தி நெஞ்சை அமத்தினான். அமத்தினான். வாயோடு வாய் வைத்து ஊதினான். மூக்கடியில் காதை வைத்தான். ஏதோ இருந்ததுபோல. இல்லாததுபோல. பிறின்சி, என்ர செல்லம், ஒருக்கா மூச்சு விடம்மா. மீண்டும் காதை வைத்தான். வீட்டில் துளிச் சத்தம் இல்லை.

பிளக் அவன் முழங்காலடியில் கிடந்தது.

ஸ்பீக்கரில் காற்று வீசியது. திறந்த வெளிக் காற்று. மணலில் நிறையக் கால்கள் நடந்து வந்து நின்றன. யாரோ விம்மினார்கள். பங்குச்சுவாமியின் குரல் ஏதோ செபித்தது.

றொட்னி நெஞ்சை அமத்துவதை நிறுத்தவில்லை.

சவப்பெட்டியின் பலகையில் ஒரு பிடி மண் விழுந்தது. பிறகு இன்னொரு பிடி.