இன்னும் கொஞ்சம்

கேபிள்காரனையும் நம்பாதே, டிஷ்காரனையும் நம்பாதே, நெட் கொடுக்கிறவனை அறவே நம்பாதே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் ஏணிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் மருமகளுக்கே மறந்துபோயிருக்கும். நாற்பது வருஷமாகத் தோளில் ஏணி. முதலில் ஆன்டெனா கட்டினார், அப்புறம் கேபிள் இழுத்தார், அப்புறம் டிஷ் மாட்டினார். இப்போது எல்லாரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன்டெனாவுக்கு வந்து நிற்கிறார்கள். இத்தனை வீட்டுக்குக் கட்டியவர் தன் வீட்டு மாடியில் மட்டும் இருபத்தெட்டு வருஷமாக ஒரு கம்பிகூட நட்டதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று மதியம் அவர் போனது ஒரு நர்ஸ் வீட்டுக்கு. புதுத் தெரு, புது கேட், சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. உள்ளே நுழைந்தால்தான் வீட்டின் வயது தெரிந்தது. தரையில் தேய்ந்துபோன சிவப்பு சிமென்ட். ஜன்னல் கம்பிகளில் துரு. வெளியே வெயில் கொளுத்தியது. ஹாலுக்குள் மட்டும் ஈரத்துணியை மூடிவைத்த மாதிரி ஒரு குளிர்.

"முந்நூறு சேனல் வருது ஐயா, நான் பாக்குறது நாலு. மழை பேஞ்சா அந்த நாலும் போயிடுது" என்றாள் நர்ஸ். "ஆபீசுக்கு போன் போட்டா ஆள் கிளம்பிட்டாருங்குறான். போன மாசம் கிளம்பின ஆளு, இன்னும் வந்து சேரலை."

"அவன் பொறந்ததிலேருந்து கிளம்பிக்கிட்டேதான்மா இருக்கான்."

அவள் சிரித்தாள். டிவிக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு சாமானைச் சொருகி வைத்திருந்தாள். "சினிமா, நாடகமெல்லாம் நெட்டுல இதுலயே பாத்துக்குவேன். நெட் படுத்துட்டா செய்தி பாக்க ஆன்டெனா. சரிதானே?"

"ஆன்டெனா சரி. அது காத்துல வர்றது, எவனும் அறுக்க முடியாது. இந்த விரலை நான் நம்ப மாட்டேன்."

ஜன்னலோரத்து ஓட்டையிலிருந்து கறுப்பு கேபிளைப் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. தட்டையான பழைய ஆன்டெனா ஒயர். வெயிலே படாத சுவருக்குள் கிடந்த ஒயர். ஆனாலும் தொட்டால் சுட்டது. அதைத் தொட்ட கையெல்லாம் வெந்த ரப்பர் நாற்றம்.

பழைய வீடு, எவனோ கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

மாடியில் பழைய குழாய்க் கம்பம் அப்படியே நின்றது. நல்ல கம்பம், ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. புதுக் கம்பம் எதற்கு என்று, டிவியிலிருந்து ஒயரை மேலே இழுத்து, புது ஆன்டெனாவை அதிலேயே மாட்டினார். போல்ட்டை முறுக்கும்போது விரலில் என்னவோ இடறியது. சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றி, அதன்மேல் செம்புக் கம்பி மூன்று சுற்று. கம்பியின் நுனி உள்பக்கமாக மடக்கியிருந்தது.

அப்படி நுனியை மடக்குகிறவர் அந்தத் தொழிலில் ஒரே ஆள்தான். கம்பத்தைத் திருப்புகிறவன் கை கிழியக் கூடாது என்று மடக்குவார்.

அவர்தான்.

மெதுவாக நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை. அன்றைக்கும் இல்லை. கீழே, செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசல். வீட்டின் பழைய முன்வாசல் அதுதான். பின்பக்கம் புதுத் தெரு வந்திருக்கிறது, அந்தப் பக்கம் கேட் வைத்துவிட்டார்கள். எந்த வீட்டைத் தவிர்க்க இருபத்தெட்டு வருஷமாகச் சுற்றுவழியில் போனாரோ, அந்த வீட்டுக்குள்ளேயே பின்வழியாக நுழைந்திருக்கிறார்.

குருவி விழுந்தது அந்த அடைத்த வாசலுக்கு முன்னால்.

குருவி அவருடைய கூட்டாளி. ஒல்லி உடம்பு, மாடி விட்டு மாடி தாவுவான், அதனால் குருவி. அவன் மேலே நின்று கம்பத்தைத் திருப்பி "அண்ணே, தெரியுதா?" என்பான். இவர் கீழே டிவியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்பார். படம் தெளிந்ததும் "போதும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் கையை எடுப்பான். சத்தம் கேட்காத வீடாக இருந்தால் ஒயரை இரண்டு தடவை சுண்டுவார். அதற்கும் அர்த்தம் போதும் என்பதுதான்.

அந்த வருஷம் கேபிள் வந்தது. ஒருநாள் காலை டீக்கடையில் ஒருவன் சொன்னான், குருவி கேபிள் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். உன்னிடம் சொல்லவில்லையா என்று வேறு கேட்டான். இவர் வயிறு எரிந்தது. அன்று மதியம் இந்த வீட்டில்தான் வேலை. முதல் திருப்பிலேயே படம் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம்" என்றார். காயட்டும் வெயிலில். மறுபடியும் சொன்னார். கம்பத்தைத் திருப்பிக்கொண்டே அவன் பின்னால் பின்னால் போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. சுவர் இல்லாத பக்கம் எதுவென்றும் தெரியும்.

மூன்றாவது தடவையும் சொன்னார்.

"படம் வரவேயில்லை, அதனாலதான் திருப்பச் சொன்னேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்புகிறவர்கள் எப்போதும் முட்டாள்கள்தான். பதினைந்து நாள் கழித்துக் குருவியின் மனைவி, அவன் சட்டைப் பையில் இருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கேபிள் கம்பெனிக்கு அவன் எழுதிப் போட்ட விண்ணப்பத்தின் நகல். அதில் இரண்டு பேர் பெயர் இருந்தது. முதலில் அண்ணன் பெயர், அடுத்து அவன் பெயர்.

ஏணிக்காரர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி வந்தார். "ஒரு சாமான் வீட்டுல விட்டுட்டேன். நாளைக்கு வர்றேன்மா."

நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன ஐயா, நாடி இந்த ஓட்டம் ஓடுது. உக்காருங்க முதல்ல. ஆன்டெனாதான் மாட்டியாச்சே, திருப்புறதுதானே பாக்கி. நான் போய்த் திருப்புறேன், நீங்க டிவியைப் பாத்துச் சொல்லுங்க."

"வேணாம். அந்தப் பக்கம் சுவர் இல்ல."

"துணி காயப்போடுறதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

போய்விட்டாள். படியில் செருப்புச் சத்தம் ஏறியது. அந்த மாடியில் என்ன நடந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. தலைக்குமேல் கம்பம் கிரீச்சிட்டது.

"ஐயா, தெரியுதா?"

நர்ஸின் குரல். கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக வந்தது. ஏணிக்காரர் மூச்சு விட்டார். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் சொல்லவில்லை. அவர் வாய் சொன்னது. குரலும் இன்றைய குரல் இல்லை, கரகரப்பு இல்லாத நாற்பது வயதுக் குரல்.

மேலே காலடி நகர்ந்தது.

ஒருத்தி நடக்கிற சத்தம் இல்லை அது. செருப்புக் கால் ஒன்று. வெறுங்கால் ஒன்று.

வெந்த ரப்பர் நாற்றம் ஹாலை நிறைத்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, தெரியுதா?"

உள்ளங்கைக்குள் உதடு அசைந்தது.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடியும் செருப்புச் சத்தம். ஓரத்தை நோக்கி. மூன்றாவது தடவை சொன்னால் என்ன ஆகும் என்று உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். நாக்கு தானாகப் புரள ஆரம்பித்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒயரை எட்டிப் பிடித்து இரண்டு தடவை சுண்டினார்.

எல்லாச் சத்தமும் நின்றது.

அப்புறம் ஒயர் அவர் கைக்குள் துடித்தது. மேலேயிருந்து, ஒன்று, இரண்டு.

அவர் படியேறினார் என்று சொல்ல முடியாது, தவழ்ந்தார். மாடியில் நர்ஸ் கம்பத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. அது சுவர் இல்லாத விளிம்பில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

"நல்லவேளை ஐயா, உங்க ஆளு தோளைப் பிடிச்சு உள்ள இழுத்தாரு. அதுக்குள்ள எங்க போனாரு?"

"எந்த ஆளு?"

"ஒல்லியா இருந்தாரே. நான் வரும்போதே கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நீங்க ஒயரை மட்டும் பிடிங்கக்கா, அண்ணன் போதும்னு சொல்ற வரைக்கும் நான் கையை எடுக்க மாட்டேன்னாரு. ஒயரை இழுத்துக்கிட்டே நான் பின்னால வந்துட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஏன் ஐயா விடாம இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னீங்க? படம் வரலையா?"

இரண்டு பேரும் கீழே வந்தார்கள். டிவியில் படம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவருக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. இப்போது நாக்கு அவர் பேச்சைக் கேட்டது. யாரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை.

"படம் வரவேயில்லைம்மா" என்றார். "இப்பத்தான் வந்துச்சு."

மேலே கம்பம் ஒருமுறை கிரீச்சிட்டு நின்றது.

மறுநாள் மதியம் ஏணிக்காரர் தன் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். டிவியில் மருமகள் போட்டுவிட்ட நாடகம் நெட்டில் ஓடியது. ஆன்டெனா இல்லாத வீடு, ஒயர் இல்லாத சுவர். இங்கேயும் சொருகியிருந்த அந்த விரல் சாமானை முதல்முறையாக அவருக்குப் பிடித்திருந்தது.

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, மாடியில யாரை வேலைக்கு விட்டிருக்கீங்க?"

"யாரையும் விடலையே."

"அப்புறம் யாரு அது? அரைமணி நேரமா வெயில்ல நின்னு அண்ணே, அண்ணேன்னு கூப்பிடுறாரு. பாவம், பதில் சொல்லுங்க."

தலைக்குமேல், கம்பமே இல்லாத மாடியில், கம்பம் திரும்புகிற சத்தம்.

"அண்ணே, தெரியுதா?"

டிவியில் படம் நன்றாகத்தான் தெரிந்தது. ஏணிக்காரர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு சொல், அதைச் சொல்லிவிட்டால் அவன் இறங்கிவிடுவான். உயிரையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

மேலே ஒரு வெறுங்கால், சொன்ன சொல்லை நம்பி, ஓர் அடி பின்னால் வைத்தது.