ஒன்றுமில்லாத ஐஸ் கொம்பனி

மூடிக்கிடந்த ஐஸ் கொம்பனியின் இரும்புக் கதவில் கை வைத்த கைருன்னிசா சட்டென்று கையை எடுத்தாள். கதவு குளிர்ந்திருந்தது. பகல் முழுக்க மன்னார் வெயிலில் காய்ந்த இரும்பு, பொழுது சாயும் இந்த நேரத்தில் சுட்டிருக்க வேண்டும்.

களைப்பில் அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. காலையிலிருந்து நானாட்டான், பாப்பாமோட்டை என்று புழுதிக்குள் அலைந்தவள். ஆபத்தான இரசாயனங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில் என்று ஆண்டுதோறும் அவளுடைய அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்து அந்த விபரம் தீயணைப்புக்காரருக்கும் ஆசுபத்திரிக்கும் போகும். தாழ்வுபாட்டுக்குப் போகும் வழியிலுள்ள இந்தக் கொம்பனியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயுவையெல்லாம் எப்போதோ அகற்றியாயிற்று, இல்லாத சாமானுக்கு என்ன அறிக்கை என்று முதலாளி றொட்னி தொலைபேசியில் சலித்துக்கொண்டார். உள்ளே ஒன்றுமில்லை என்பதை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவளுக்கு அது போதும்.

காவலாளி அழகையா கதவைத் திறந்துவிட்டார். அவருடைய கண்கள் சிவந்து கலங்கியிருந்தன.

“அழுதனீங்களோ ஐயா?”

“இல்ல மிஸ். மணத்துக்கு இப்படித்தான்.”

அவளுக்கு எந்த மணமும் தெரியவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து கருவாடும் மல்லிகையும் அவளுக்கு ஒன்றுதான்.

உள்ளே இருட்டு. மின்சாரம் வெட்டிப் பல மாதம். ஆனாலும் எங்கோ ஓர் இரைச்சல், சுவர்களுக்குப் பின்னாலிருந்து மெல்லிதாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. கடல் என்று நினைத்தாள். கடல் மூச்சு விட்டு விட்டு இரையும். இது மூச்சு விடவில்லை. காலடியில் மெதுமெதுவென்று ஏதோ நசுங்கியது. கைபேசி வெளிச்சத்தைத் தாழ்த்தினாள். பல்லிகள். சுவரடி நெடுக, வயிறு மேலாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் தடித்த குழாயொன்று தரையிலிருந்து கூரைவரை வெண்பனி மூடி நின்றது.

அவளுடைய கண்களும் எரியத் தொடங்கின.

முதலாளி ஒன்றுமில்லை என்றாரே என்று கேட்டாள். அழகையா தாழ்ந்த குரலில் சொன்னார். வேறெங்கோ மூடிய கொம்பனியின் அமோனியாத் தாங்கிகள் லொறியில் வந்தனவாம். ஆருக்கும் சொல்ல வேண்டாமென்று உத்தரவாம். எத்தனை என்று அவருக்கும் தெரியாது. இரவில் இறக்கிப் பின்னறையில் பூட்டிவிட்டார்கள்.

“நீங்க வெளிய நில்லுங்க மிஸ். நான் போய் வால்வை இறுக்கிட்டு வந்துர்றேன். நேத்தும் நான்தான் இறுக்கினேன்.”

“போகாதேங்கோ ஐயா.”

அவர் போய்விட்டார். செருப்புச் சத்தம் இரைச்சலுக்குள் தேய்ந்தது. பின்னறைக் கதவு கிறீச்சிட்டது. பிறகு, சோடாப் போத்தல் உடைவதுபோல் ஒன்று.

இரைச்சல் அலறலானது.

வெள்ளையாக ஏதோ தரையோடு வந்தது. அவசரமில்லாமல். அவள் ஓடினாள். தொண்டைக்குள் நெருப்பு. கதவு. முற்றம். வீதி.

வீதியின் மறுகரையில் முழங்காலில் விழுந்தபடி அவசர இலக்கத்தை அழுத்தி, ஐஸ் கொம்பனி, வாயுக் கசிவு என்று கரகரத்தாள். மறுமுனையில் ஒரு குரல் நிதானமாகக் கேட்டது: உள்ளுக்கு என்ன சாமான், எவ்வளவு இருக்கு? வாயைத் திறந்தாள். எரிந்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

கடலுக்குப் போகப் புறப்பட்ட பஸ்ரியனும் கூட்டாளிகளும் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினார்கள். காவலாளியின் சாப்பாட்டுக்கு அடிக்கடி மீன் கொடுத்துப் போகிறவர்கள்.

“அழகையண்ணை உள்ளுக்கோ?”

ஓம் என்று தலையாட்டிவிட்டாள். உடனே போகாதேங்கோ என்று இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினாள். காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். சட்டைகளைக் கழற்றி மூக்கில் கட்டினார்கள். கைபேசி விளக்குகளை ஏற்றினார்கள். ஒருவன் போகிறபோக்கில் அவளுடைய தோளைத் தட்டி, பயப்பட வேண்டாம் என்றான்.

முற்றம் முழுதும் இப்போது வெள்ளை. அதற்குள் அவர்களுடைய விளக்குகள் மஞ்சளாய் அசைந்தன. ஒன்று தாழ்ந்தது. இன்னொன்று கொஞ்சத்தூரம் திரும்பி வந்தது. தாழ்ந்தது.

ஒன்றும் அணையவில்லை. வெள்ளைக்குள், தரையோடு தரையாக, எல்லாம் வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. அசைவில்லை.