வட்டமான துரு

கடைமுனை வட்டார மக்கள் காலையில் எழுந்ததும் முந்தின நாள் வியர்வையைக் குடிப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் அது அதிசயமில்லை. தூங்கும்போது அணிந்த உறிஞ்சுச் சட்டையைக் கழற்றிச் சுவரிலுள்ள வடிகட்டியில் போட்டால் ஒரு தம்ளர் தேறும். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். பனிவயலிலிருந்து வரும் பெருங்குழாயில் மேல்வட்டாரத்தைத் தாண்டினாலே தண்ணீர் இருக்காது. கடைமுனையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் இருமும்.

"பழைய குழாய், துருப்பிடித்து ஒழுகுகிறது" என்றே குடிநீர்த் துறை சொல்லிவந்தது. தோண்டிப் பார்க்கவும் முடியாது. தரையைப் பிளந்தால் நகரத்தின் காற்று வெளியேறிவிடும்.

அங்கயற்கண்ணி குழாய்ப் பிரிவின் பொறியாளராகப் பொறுப்பேற்ற சமயம், கடைமுனை மருத்துவமனையில் பிறந்த குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டத் தண்ணீரில்லாமல் ஈரத்துணியால் துடைத்து அனுப்பினார்கள். கேள்விப்பட்டதும் அவளுக்குக் கொதித்துவிட்டது. அன்றே சுருளியைக் குழாய்க்குள் இறக்கினாள்.

சுருளி, விரல் பருமனுள்ள இயந்திரப் புழு. அதன் வாலிலிருந்து கிளம்பும் மின்காந்தப் புலம் இரும்புச் சுவரை ஊடுருவி வெளியே போய், மறுபடி உள்ளே நுழைந்து தலையை எட்டும். சுவர் தேய்ந்த இடத்தில் அது கொஞ்சம் முந்தி வரும். குழாயில் ஒரு கீறல்கூட விழாமல் அதன் உடம்பு முழுவதையும் சுருளி படித்துவிடும்.

"துரு இல்லை," என்றது அவள் அலுவலக மேசை ஒலிபெருக்கியில் சுருளியின் குரல். "இரும்பு கனமாக இருக்கிறது. ஆனால் ஓட்டைகள் உண்டு. எல்லாம் ஒரே அளவில், வட்டமாக."

"துரு எங்கேயாவது காம்பஸ் வெச்சு அரிக்குமா?" என்று அவள் கத்தியதில், பக்கத்து அறையிலிருந்து தலைமைப் பொறியாளர் செபஸ்தியான் எட்டிப் பார்த்தார்.

"திருட்டு இணைப்பு சார்! வீட்டு நிலவறை வழியாத் துளைச்சிருக்காங்க, மேல்வட்டாரம் முழுக்க!"

"மெதுவாப் பேசும்மா. பெரிய மனுஷங்க இருக்கிற இடம்."

"பச்சைப் பிள்ளை குளிக்கிற தண்ணிய உறிஞ்சுறவனுக்குப் பெரிய மனுஷன்னு பேரா? ஒவ்வொரு ஓட்டையும் யார் வீட்டுக்குப் போகுதுன்னு சொல்லு சுருளி. கடைமுனைச் சந்தையில ஒவ்வொரு பேரா வாசிக்கிறேன்."

முதலில் செபஸ்தியான் வீடு வந்தது. அவர் சத்தமில்லாமல் தன் அறைக்குத் திரும்பினார். அப்புறம் நீதிபதி வீடு, மேயர் வீடு. அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், சுருளி தொடர்ந்தது: "அடுத்தது, பொறியாளர் அங்கயற்கண்ணி வீடு."

வீட்டில் அவள் கணவன் மாசிலாமணி தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தான்.

"உங்களுக்கு வெட்கமா இல்ல?"

"தெருவே போட்டிருக்கு. நாம மட்டும் போடலைன்னா ஏமாளின்னு சிரிப்பாங்க," என்றான் அவன். "தினமும் தலைக்கு ஊத்திக்கிறியே, அது எங்கிருந்து வருதுன்னு என்னிக்காவது கேட்டியா?"

அவள் சுருளியை அழைத்துத் தன் வீட்டு ஓட்டையைக் குழாயின் உள்ளிருந்தே அடைக்கச் சொன்னாள். மாசிலாமணி போட்ட சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைமுனைச் சந்தைச் சுவரில் குழாயின் படத்தை விரித்து, ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுக் காட்டி, வீட்டுப் பெயர்களை வாசித்தாள். தன் வீட்டையும் விடவில்லை. கல் பறக்கும் என்று எதிர்பார்த்தாள். தன்மேல் விழுந்தாலும் சரி, இந்த ஜனம் கொதித்தெழுந்து மேயர் வீட்டு வாசலுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஒரு கல்லும் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சிமுத்து முன்னால் வந்தான். ஈரத்துணியால் துடைத்து அனுப்பிய அந்தக் குழந்தையின் தகப்பன். கைக்குழந்தையோடுதான் வந்திருந்தான். படத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ மேல தண்ணி நிறையத்தான் இருக்கு, இல்லீங்களா?"

"ஆமா. உங்க தண்ணி. கேளுங்க, விடாதீங்க!"

அவன் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, மேல எந்த இடத்துல இரும்பு கனமா இருக்குன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமே. அங்க பார்த்து, வெளியில தெரியாம, எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டுக் குடுத்துடுங்கம்மா."

அவள் பதில் சொல்வதற்குள் அவனுக்குப் பின்னால் வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது.